பழைய நூல்நிலையமும் புதிய தேவையும்

சில திங்களாக நம் அங்கத்தினர் பலர் எம்மை நேரிற் கண்டும், கடிதம் வரைந்தும் ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். நம் பெரியோர் ஊர்தோறும் எடுப்பித்த வாசகசாலைகள் இப்பொழுது பழுதுற்று நிற்கின்றன. ஓடு பெயர்ந்தும், உத்திரம் செல்லரித்தும், நூல்கள் தூசி படிந்தும் கிடக்கின்றன. நாள்தோறும் செய்தித்தாள் பார்க்க வரும் முதியோர் நால்வர் ஐவரையன்றி அவற்றின் வாயிலை மிதிப்பார் அரியர். ஆதலின் அவற்றை இடித்து, அவ்விடத்தே சமூகத்தார்க்குப் பயன்படும் புதுக் கட்டடம் எழுப்புதல் நன்றென்பது ஒரு சாரார் கருத்து. முன்னோர் வைத்த செங்கல்லில் ஒன்றையும் அசைத்தலாகாது என்பது மற்றொரு சாரார் கருத்து. இரு சாராரும் நம்மவரே. இரு சாராரும் சங்கத்தின் நன்மையையே நாடுகின்றனர்.

இதற்கு விடை கூறுமுன், இதே வினா மிகப் பெரிய அளவில் எழுந்து, ஆறாண்டுக் காலம் வாதிக்கப்பெற்று, ஒருவாறு முடிவுகண்ட வரலாறு ஒன்றை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகின்றோம். அது நிகழ்ந்த இடம் நமக்கு மிகச் சேய்மைத்து. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க்கு நகரம். ஆங்குச் செலவிடக் கருதிய பொருளோ கோடிக்கணக்கான டாலர். எனினும், பழைய நூல்நிலையத்தை என் செய்வது என்னும் கவலை அவர்க்கும் நமக்கும் ஒன்றே. பெரியார் செய்த பிழையையும், அப்பிழையினின்று அவர் மீண்ட நெறியையும் அறிந்துகொள்ளுதல் சிறியார்க்குச் செலவில்லாப் பாடமாம்.

நூல்நிலையத்தின் தோற்றம்

அந்நூல்நிலையம் ஒருவர் பொருளால் ஆயதன்று. ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்னும் பெருவணிகர் 1848ஆம் ஆண்டு இறந்தபொழுது, நூல்நிலையம் ஒன்று அமைத்தற்கென 4 இலட்சம் டாலர் எழுதிவைத்தார். அப்பொருள்கொண்டு எழுந்த ஆஸ்டர் நூல்நிலையம் 1854இல் திறக்கப்பெற்றது. ஜேம்ஸ் லெனக்ஸ் என்பார் அரிய நூல்களைத் தேடித் தொகுத்த செல்வர். ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய காலத்துக் கூட்டன்பர்க்கு விவிலியத்தின் படியொன்றை அமெரிக்க மண்ணுக்கு முதன்முதற் கொணர்வித்தவர் அவரே. அவர் நிறுவிய நூல்நிலையம் மற்றொன்று. மூன்றாமவர் நியூயார்க்கு மாநிலத்தின் கவர்னராயிருந்த சாமுவேல் டில்டன். 1886இல் இறந்த அவர், நகரத்தார் யாவரும் கட்டணமின்றிப் படித்தற்குரிய நூல்நிலையத்திற்கெனத் தம் செல்வத்திற் பெரும்பகுதியை விட்டுச்சென்றார். உறவினர் தொடுத்த வழக்கினால் அதில் ஒரு கூறே அவ்வறத்திற்குக் கிட்டிற்று. தனித்தனி நின்று தளர்ந்த இம்மூன்று அறங்களும் 1895ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் ஒன்றாய்க் கூடின. கூடியதனால் வலிமை பெற்றன.

நகராட்சியார் இடம் அளித்தனர். ஐந்தாம் பெருந்தெருவில் 1842 முதல் நகர்க்குக் குடிநீர் வழங்கிவந்த பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருந்தது. புதிய நீர்வழிகள் வந்தமையால் அது பயனொழிந்தது. அதனை அகற்றி, அவ்விடத்தே நூல்நிலையம் எழுப்பத் துணிந்தனர். ஆகவே, இந்நூல்நிலையமே பழையதொன்றை நீக்கிப் பிறந்ததுதான். பழையன கழிதல் எப்பொழுதும் குற்றமென்று யாம் கூறவில்லை என்பதற்கு இதுவே சான்றாகுக. அந்நீர்த்தேக்கத்தின் அடித்தளக் கற்களிற் சில இன்றும் அக்கட்டடத்தினுட் காணக் கிடக்கின்றன.

நூல்நிலையத்தின் முதல் தலைவர் ஜான் ஷா பில்லிங்ஸ், படைமருத்துவராயிருந்தவர். அவர் கட்டடச் சிற்பிகளை அழைக்குமுன்னரே, தாம் வேண்டும் அமைப்பைச் சிறு தாளொன்றில் வரைந்து காட்டினார். நூல்களெல்லாம் ஏழு அடுக்காகக் கீழே இருத்தல் வேண்டும். அவற்றின் உச்சியில், தெருவின் இரைச்சல் எட்டாது வெளிச்சம் நிறையும் இடத்திற் பெரிய படிப்பு மண்டபம் அமைதல் வேண்டும். கேட்ட நூல் கேட்டவர் கையில் விரைந்து சேர்தல் வேண்டும். இவையே அவர் கருத்து. அழகைப் பின்னர் நினைத்து, தொழிலை முன்னர் நினைத்தமை நாம் நோக்கற்பாலது. 1897இல் நடந்த போட்டியில் கேரேர், ஹேஸ்டிங்ஸ் என்னும் சிற்பியர் இருவர் தெரிந்தெடுக்கப்பெற்றனர். 1902இல் தலைக்கல் நாட்டப்பெற்றது. ஏறத்தாழ 90 இலட்சம் டாலர் செலவில் வெண்சலவைக் கல்லாற் கட்டடம் உயர்ந்தது. சிற்பியருள் ஒருவராகிய கேரேர், திறப்பு விழாவிற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 1911 மார்ச்சு மாதத்தில் மோட்டார் விபத்தால் இறந்தார்.

1911ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், மூன்று அறங்களும் கூடிய அதே நாளில், பிரசிடெண்டு டாப்ட் அதனைத் திறந்துவைத்தார். மறுநாட் காலை பொதுமக்கள் உள்ளே புகுந்தனர். முதன்முதல் நூல் பெற்றவர் ருசிய மொழி நூலொன்றைக் கேட்டு 9 மணி 8 நிமிடத்திற் சீட்டுக் கொடுத்தார். ஆறு நிமிடத்தில் நூல் அவர் கையில் இருந்தது. பில்லிங்ஸ் தாளில் வரைந்தது மெய்யாயிற்று. வாயிலில் இருபுறமும் சலவைக்கற் சிங்கங்கள் இரண்டு வீற்றிருக்கின்றன. 1930களில், மக்கள் வறுமையுற்ற காலத்தில், மேயராயிருந்த லா குவார்டியா அவற்றிற்குப் பொறுமை, மனத்திட்பம் எனப் பெயரிட்டனர். பின்வரும் வரலாற்றுக்கு இவ்விரு பெயரும் மிகப் பொருந்துவன.

காணாத பகுதி

படிப்பு மண்டபம் 297 அடி நீளமும், 78 அடி அகலமும், 52 அடி உயரமும் உடையது. அங்குச் செல்வோர் கண் அதன் விதானத்தையும், நீண்ட மேசைகளையும், பித்தளை விளக்குகளையும் நோக்கும். தம் காலடியில் இருப்பதை எவரும் நோக்கார். ஆங்கு, மக்கள் புகாத இருண்ட பகுதியில், ஏழு அடுக்கு உருக்கு அலமாரிகள் நிற்கின்றன. கட்டடத்தின் அலமாரிகளையெல்லாம் நீட்டி வைப்பின் 75 மைல் ஆகுமென அக்காலத்தே கணக்கிட்டனர். அந்நாளிற் படிப்போர் கொடுத்த சீட்டு காற்றழுத்தக் குழாயின் வழியே கீழே பாய்ந்தது. அலமாரிகளிடையே நின்ற ஏவலர் நூலை எடுத்து ஏற்றத்தில் வைத்தனர். நூல் மேலே வந்தது.

ஈண்டு அன்பர்கள் மறவாது நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வலமாரிகள் நூலை மட்டும் தாங்குவனவல்ல. அவற்றின் உருக்குத் தூண்களே மேலுள்ள படிப்பு மண்டபத்தின் தளத்தையும் தாங்குகின்றன. மண்டபம் வேறு, அலமாரி வேறு என்று பிரித்தல் இயலாது. கண்ணுக்கு இனிய மண்டபம், கண்ணிற் படாத அலமாரியின் தோள்மேல் நிற்கின்றது.

தேவை மாறிய விதம்

காலம் செல்லச் செல்ல மக்கள் தேவை மாறியது. முதற்கண் அக்கட்டடத்தில் இருந்து படித்தற்குரிய பெருநூல் தொகுதியோடு, வீட்டிற்கு எடுத்துச்சென்று படித்தற்குரிய பகுதியும், சிறுவர் பகுதியும் இருந்தன. இடம் போதாமையால், எடுத்துச்செல்லும் நூல்களை 1970இல் எதிர்த்தெருவிற்கு மாற்றினர். முன்னர்த் துணிக்கடையாயிருந்த பெரிய மாளிகை ஒன்றை நூல்நிலையமாக்கி, நடு மன்காட்டன் நூல்நிலையம் எனப் பெயரிட்டனர். நாளடைவில் மாணவரும், வேலை தேடுவோரும், வேற்று நாட்டினின்று குடியேறி ஆங்கிலம் பயில்வோரும் அங்கேதான் மிகுதியாகச் சென்றனர். ஆனால் அக்கட்டடம் பேணுவாரின்றித் தேய்ந்தது. சலவைக்கல் மாளிகைக்குப் புகழும், துணிக்கடை மாளிகைக்குக் கூட்டமும் உரியவாயின.

பழைய உருக்கு அலமாரிகளுக்கும் குறை உண்டு. 1911இல் அமைந்த அப்பகுதியில், நூலைக் கெடாது காக்கும் குளிர்சாதனமும், தீயைத் தடுக்கும் புதிய ஏற்பாடும் போதியவாறு இல்லை. ஆகலின் 1990ஆம் ஆண்டையொட்டிக் கட்டடத்தின் பின்புறத்துப் பூங்காவின் அடியில் நிலவறை ஒன்று தோண்டி, நூல்களில் ஒரு பகுதியை ஆங்கு வைத்தனர். பூங்கா மேலே பசுமையாய் நின்றது. நூல்கள் கீழே பாதுகாப்பாய் நின்றன. இவ்வாறு செய்தல் இயலும் என்பதைப் பின்னர் வந்தோர் சிலகாலம் மறந்தனர்.

2008ஆம் ஆண்டுத் திட்டம்

2008 மார்ச்சு மாதத்தில் நூல்நிலையத்தின் தருமகர்த்தர்கள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டனர். அவருள் ஒருவராகிய ஸ்டீபன் சுவார்ஸ்மன் 10 கோடி டாலர் அளித்தார். கட்டடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. நார்மன் பாஸ்டர் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பி அமர்த்தப்பெற்றார். எதிர்த்தெரு நூல்நிலையத்தையும், 1996இல் திறந்த அறிவியல் தொழில் வணிக நூல்நிலையத்தையும் விற்றுவிடுவது, பழைய கட்டடத்தின் ஏழு அடுக்கு அலமாரிகளையும் அறுத்தெடுப்பது, அவ்வெற்றிடத்தில் பூங்காவை நோக்கிய புதிய பொதுநூல்நிலையம் அமைப்பது, அலமாரிகளில் இருந்த நூல்களை அண்டை மாநிலமாகிய நியூ ஜெர்ஸியில் உள்ள பிரின்ஸ்டன் நகரத்துச் சேமிப்பு நிலையத்திற்கு அனுப்பி, வேண்டும்பொழுது வருவிப்பது, இவையே அத்திட்டம்.

இதனை வகுத்தோர் நூற்பகைவர் அல்லர். அவர் கூறிய காரணங்கள் எளிதிற் புறந்தள்ளத் தக்கனவும் அல்ல. மக்கள் புகாத இருட்டறைக்கு நகரின் நடுவே இத்துணை இடம் எதற்கு? சிறுவரும் மாணவரும் அவ்வழகிய கட்டடத்தினுள் மீண்டும் புகுதல் நன்றன்றோ? மூன்று கட்டடங்களைப் பேணும் செலவை ஒன்றிற் சுருக்கினால் எஞ்சும் பொருளில் நூலும் ஊழியரும் பெருகாவோ? இவை நம் ஊரில் இடிப்பதை விரும்புவோர் கூறும் காரணங்களோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன, பாருங்கள்!

பொருள்முடையால் அத்திட்டம் சிலகாலம் நின்றது. பின்னர் 2012 டிசம்பரிற் பாஸ்டரின் வரைபடங்கள் வெளிவந்தன. செலவு 30 கோடி டாலர் என்றனர். அதில் 15 கோடியை நகராட்சி தருவதாக ஏற்றிருந்தது.

எதிர்ப்பும் முடிவும்

எதிர்ப்பு அதற்கு முன்னரே மூண்டுவிட்டது. 2012இல் எழுத்தாளரும் ஆராய்ச்சியாளரும் நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்டு முறையீடு விடுத்தனர். இன்று வேண்டும் நூல் நாளையோ மறுநாளோ வருமெனின், ஆராய்ச்சி செய்வோன், அதிலும் தொலைவினின்று சில நாளைக்கே வந்த ஏழை மாணவன், என் செய்வான் என்பது அவர் வினா. அக்கூக்குரலின் பயனாகத் தருமகர்த்தர் குடும்பம் ஒன்று 80 இலட்சம் டாலர் அளிக்க முன்வந்தது. பூங்காவின் அடியில் இரண்டாம் நிலவறையைச் சீர்செய்து, மேலும் 15 இலட்சம் நூல்களை அங்கேயே வைத்தற்கு வழி பிறந்தது.

2012 டிசம்பரில், கட்டடக் கலையை ஆராய்வதிற் பேர்பெற்ற ஏடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் என்னும் அம்மையார், வால் ஸ்திரீட் ஜர்னல் இதழிற் கடுமையான கட்டுரை ஒன்று வரைந்தார். அவர்க்கு அப்பொழுது 91 அகவை. அலமாரி அறையும் படிப்பு மண்டபமும் ஒரே பொறியின் இரு கூறு என்பதனை அவர் தெளிவுற விளக்கினார். அடுத்த மாதமே அவர் இவ்வுலகு நீத்தார். ஒரு மூதாட்டி தம் வாழ்நாளின் இறுதிக்கண் ஒரு நூல்நிலையத்திற்காக எழுதுகோலைப் பிடித்தமை எண்ணுந்தோறும் எம் நெஞ்சை உருக்குவது.

2013 சூலையில் இரண்டு வழக்குகள் தொடுக்கப்பெற்றன. அலமாரித் தூண்களை அறுத்தால் மேலுள்ள மண்டபத்தை எவ்வாறு தாங்குவது என்னும் வினாவிற்கு இஞ்சினீயர்கள் விடை காணவேண்டியிருந்தது. அவ்விடைக்கு விலையும் மிகுதி. கணக்கை மீண்டும் பார்த்தபொழுது, செலவு 50 கோடி டாலரையும் கடக்குமெனத் தெரியவந்தது. 2014 சனவரியிற் பதவியேற்ற புதிய மேயர் இத்திட்டத்தை முன்னரே ஐயுற்றவர். 2014ஆம் ஆண்டு மே மாதம் தருமகர்த்தர்கள் அத்திட்டத்தைக் கைவிட்டனர். தாம் அறிவித்ததைத் தாமே திரும்பப் பெறுதற்கும் ஒரு மனத்திட்பம் வேண்டும். அதனை அவர்க்கு நாம் மறுத்தலாகாது.

இவ்விடத்து மற்றொரு செய்தியும் குறித்தற்குரியது. அந்நிறுவனத்தாரே 1955இல் திறக்கப்பெற்ற டானல் நூல்நிலையத்தை 2007இல் விற்க முடிவு செய்து, 2008இல் மூடினர். அவ்விடத்தே உயர்ந்த மாளிகை எழும், அதன் அடியிற் புதிய நூல்நிலையம் அமையும் என்றனர். சில ஆண்டில் வரவேண்டியது 2016இலேதான் வந்தது. வந்ததும் பழையதினும் மிகச் சிறியது. பெரும்பகுதி நிலமட்டத்தின் கீழ் அமைந்தது. நூல்நிலையமின்றி அப்பகுதியார் எட்டாண்டு கழித்தனர். எட்டாண்டில் ஒரு குழந்தை பள்ளியிற் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடித்துவிடும். இழந்த அவ்வாண்டுகளை எந்தக் கட்டடமும் மீட்டுத் தாராது.

பின்னர்ச் செய்தவை

பெருந்திட்டம் கைவிடப்பெற்ற அதே 2014 மே மாதத்தில், படிப்பு மண்டபத்து விதானத்தினின்று பூவடிவச் சுதை ஒன்று இரவில் 52 அடி கீழே விழுந்தது. ஒருவர்க்கும் ஊறில்லை. மண்டபத்தை உடனே மூடி ஆராய்ந்தனர். அத்தகைய 900 பூக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, உருக்குக் கம்பியால் மேலே பிணித்தனர். 1 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில் திருத்தி, 2016 அக்டோபரில் மீண்டும் திறந்தனர். நிலவறையினின்று நூல்களை மேலேற்ற, தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு செந்நிற வண்டிகள் 24 அமைத்தனர். 1911இல் ஏற்றத்திற் சென்ற நூல் இன்று சிறு வண்டியேறிச் செல்கின்றது. கருத்து பில்லிங்ஸ் வரைந்ததே.

எதிர்த்தெருவின் தேய்ந்த கட்டடமோ, விற்கப்படவிருந்த அதுவே, புதுக்கப்பெற்றது. 2017இல் அதனை மூடினர். டச்சு நாட்டு மெக்கானூ நிறுவனத்தாரும், நியூயார்க்கின் பேயர் பிளைண்டர் பெல் நிறுவனத்தாரும் அதனை வகுத்தனர். 20 கோடி டாலர் செலவாயிற்று; அதில் ஸ்டாவ்ரோஸ் நியார்க்கோஸ் அறநிலையத்தார் அளித்த கொடை 5 கோடியே 50 இலட்சம். அவ்வறநிலையத்தின் பெயரோடு 2021இல் அது திறக்கப்பெற்றது. 4 இலட்சம் நூல்கள் கைக்கெட்டும்படி திறந்த அலமாரிகளில் நிற்கின்றன. சிறுவர்க்கு ஓரிடம், வளரிளைஞர்க்கு ஓரிடம், தொழில் தொடங்குவோர்க்கும் வேலை தேடுவோர்க்கும் ஓரிடம், முதியோர் கல்விக்கு ஓரிடம், கூட்டங்கட்கு ஓரிடம் எனப் பகுத்துள்ளனர். உச்சியில் யாவரும் கட்டணமின்றி ஏறிக் காற்று வாங்கும் மொட்டைமாடி ஒன்றும் உண்டு. பழைய மாளிகையைக் குடைந்து செய்யக் கருதிய பணியெல்லாம் எதிர்த்தெருவின் எளிய கட்டடத்தில் இனிது நிறைவேறிற்று.

எனினும் யாவும் நன்றாயின என்று கூறின் அது பொய்யாம். வரைபடங்கள் முடிவாகுமுன்னரே அவசரப்பட்டு, 2013க்குள் ஏழு அடுக்கு அலமாரிகளினின்றும் நூல்களை அகற்றிவிட்டனர். திட்டம் கைவிடப்பெற்ற பின்னரும் அவை தம் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. மண்டபத்தைத் தாங்கும் அலமாரிகள் வெறுமையாயின. எடுத்தல் எளிது, மீள வைத்தல் அரிது என்பதற்கு அவை வாய் திறவாச் சான்று.

நம் சென்னையில்

இந்நெறி அயல்நாட்டார்க்கே உரியதன்று. சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமரா நூல்நிலையத்தை அன்பர் பலர் கண்டிருப்பீர்கள். 1890இற் கவர்னர் கன்னிமரா பிரபுவின் காலத்தில் அடிக்கல் இட்டு, 1896 டிசம்பர் 5ஆம் நாள் திறக்கப்பெற்றது. வகுத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். வண்ணக் கண்ணாடியும், செதுக்கிய மரவேலையும், வளைந்துயர்ந்த விதானமும் கொண்ட அம்மண்டபம் நம் நாட்டுத் தொழிலாளர் கைத்திறனுக்கு ஓர் அணி. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டத்தின் பயனாக, 1950இல் அது மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்திய நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் அதுவும் ஒன்று. நூல்கள் நாள்தோறும் வந்து குவியப் பழைய மண்டபம் எங்ஙனம் போதும்? 1970களில் அதனை அடுத்துப் புதிய மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினர். கூட்டமும், நாளிதழும், பாடநூலும் அங்கே சென்றன. பழைய மண்டபம் பழைய நூல்களோடு தன் நிலையில் நின்றது.

சீர்காழியிற் பிறந்து உலகப் புகழ் பெற்ற நூலகவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதனார், தாம் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியாக, நூலகம் வளரும் உயிர் போல்வது என்னும் கருத்தை வைத்தார். வளரும் மரத்தை வெட்டி வேறு மரம் நடுவாரும் இல்லை. வளராதபடி அதனைக் கயிற்றாற் கட்டிவைப்பாரும் இல்லை.

யாம் கண்டது

இனி எம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறி முடிக்கின்றோம். யாம் இளமையிற் பயின்ற ஊரில் நம் பெரியோர் கட்டிய வாசகசாலை ஒன்று இருந்தது. முன்கூடத்திற் செய்தித்தாள், பின்னறையில் தேக்கு அலமாரிகள் நான்கு. தமிழெழுத்தைப் பலகையிற் கற்ற யாம், நூலெழுத்தைக் கற்றது அப்பின்னறையிலேதான். அங்கிருந்த முதியவர் ஒருவர், கை கழுவி வந்தாயா என்று கேட்ட பின்னரே நூலை எம் கையிற் கொடுப்பார்.

எம் இருபதாம் அகவையை ஒட்டி அதனை இடித்தனர். கீழே கடைகளும் மேலே கூடமும் எழுந்தன. கூடம் உண்மையில் நன்றாயிருந்தது. பல மணவினைகள் அங்கு நிகழ்ந்தன. அதில் எமக்கு வருத்தமில்லை. ஆனால் பின்னறையை எவரும் நினைக்கவில்லை. நூல்களைச் சாக்கில் கட்டி ஒருவர் கிடங்கிற் போட்டனர். மழைக்காலம் ஒன்று சென்றது. பின்னர் அவை பழைய தாள் வாங்குவோர்க்கு நிறுத்து விற்கப்பட்டன. சில ஆண்டு கழித்து, ஏழை மாணாக்கர் உதவிக்கென முன்னோர் ஒருவர் விட்ட நிலத்தைப்பற்றி வழக்கு எழுந்தது. கொடையின் விவரமெல்லாம் வாசகசாலைக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்ததாக முதியோர் கூறினர். குறிப்பேடு எங்கே என்றனர். அது சாக்கோடு சென்றுவிட்டது. அந்நிலத்தின் வருவாயும் மாணாக்கர்க்கு வாராது நின்றது. முன்கூடத்தைத் தாங்கியது பின்னறைதான் என்பதை நம்மவர் அன்றுதான் அறிந்தனர்.

அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம்

ஆகவே, இடிப்போம் என்பாரையும் இடியோம் என்பாரையும் யாம் வேண்டுவது ஒன்றே. எது எதைத் தாங்குகின்றது என்று முதலில் ஆராய்வோம். நூல், குறிப்பேடு, கொடைப் பத்திரம், பழைய நிழற்படம் ஆகியவற்றிற்கு அட்டவணை எழுதுவோம். எழுதி முடியும்வரை ஓர் அலமாரியையும் அசையாதிருப்போம். புதிய இடம் கூரையோடும் பூட்டோடும் ஆயத்தமாகுமுன் நூலை வெளியேற்றாதிருப்போம்.

அடுத்து, யார் வருகின்றனர் என்பதோடு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்போம். நம் பெண்மக்கள் வாராமைக்குக் காரணம் நூல் இன்மையா, அமரத் தனியிடமும் கழிப்பிடமும் இன்மையா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்க்கு வேண்டுவது மாளிகையா, இரவு பத்து மணிவரை நல்ல விளக்கும் ஒரு மேசையுமா? சிறுவர்க்குக் கதை சொல்லுவார் உளரா? இவற்றிற் பல, சுவரில் ஒன்றையும் தொடாது செய்யத்தக்கன. கூடம் வேண்டுமெனின், அடுத்த மனையோ, அணித்தேயுள்ள எளிய கட்டடமோ கிடைக்குமா எனத் தேடுவோம். உத்திரம் உண்மையிற் பழுதாயின் இஞ்சினீயரைக் கொண்டு சோதிப்பித்து, செலவை முன்னரே எழுத்தில் வாங்கிப் பொதுக்கூட்டத்தில் வைப்போம். இடித்தே தீரவேண்டிய கட்டடம் சில இருக்கலாம். அவற்றை இடிப்பதிலும் குற்றமில்லை. அதனுள் இருந்ததை அறியாது இடிப்பதே குற்றம்.

நம் வாசகசாலைகள் பலவற்றின் வாயிலில், யாவரும் வரலாம் என்று நம் பெரியோர் எழுதிவைத்தனர். அவ்வெழுத்து மங்கியிருப்பின், திருப்பணியை அதனினின்று தொடங்குவோம். தத்தம் ஊர் வாசகசாலையின் நூலட்டவணையை அடுத்த பொதுக்கூட்டத்திற்குக் கொணருமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கின்றோம். எம் ஊர் அட்டவணையை எழுதத் தொடங்கிவிட்டோம். இதுவரை இரண்டு அலமாரி முடிந்தது.